நாலாவது பாட்டில்

"இது நாலாவது பாட்டில் சார். ஏற்கெனவே வாங்கின மூணும் என்ன ஆச்சு?"

பாத்திரக்கடையில் மேஜைக்குப் பின்னால் நின்றவர் கேட்டார். கிண்டலா அக்கறையா என்று செயலாளருக்குப் பிடிபடவில்லை.

"ஒண்ணும் ஆகல. கழுவத்தான் கஷ்டமா இருக்கு. சுலபமா சுத்தம் பண்ற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

'காட்டுங்க' என்று சொல்லும்போதே நாக்கு கூசியது. எட்டு வருஷமாக இதே மனிதரை 'வா, போ' என்றுதான் அழைத்திருக்கிறார். செயலாளர் நிர்வகிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர். போன மாதம் வேலையை விட்டு நிறுத்தியதும் இந்தக் கடையில் சேர்ந்துவிட்டார்.

"இதைப் பாருங்க சார். வாய் நல்ல அகலம்." அவர் ஒரு ஸ்டீல் பாட்டிலுக்குள் கையை விட்டு அடிவரை தடவிக் காட்டினார். "கை போகாத பாட்டிலை வாங்கவே கூடாது. வெளியில பளபளன்னு இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு வெச்சிருக்கறவங்களுக்கே தெரியாது."

"ஸ்ட்ரா வெச்சது ஒண்ணு பார்த்தேனே?"

"வேண்டவே வேண்டாம். அந்தக் குழாய்க்குள்ள யாரு சார் தேய்க்கறது?"

பிறகு மூடியைத் திருப்பி, ஸ்பூன் காம்பால் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தார். "இந்த வாஷரை நிறைய பேர் கழட்டறதே இல்ல. அடியில கருப்பாப் பிடிச்சுக்கும். மூலை முடுக்கெல்லாம் தேய்ச்சாத்தான் சுத்தம்."

செயலாளருக்குக் காது மடல் சூடானது. மூலை முடுக்கு என்பது செயலாளரே அன்று இந்த மனிதரிடம் சொன்ன வார்த்தை. குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடியவர் அவர்தான். 'குடிக்க லாயக்கில்லை' என்று வந்த அறிக்கையை எல்லார் முன்னாலும் ஆட்டிக் காட்டி, "தொட்டிக்குள்ள இறங்கினா ஆச்சா? மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டாமா? எங்க பிள்ளைங்க உயிரோட விளையாடறியா?" என்று கத்தினார். அந்த மனிதர் ஈரப் பிரஷ்ஷோடு நின்று, "நல்லாத்தான் சார் தேய்ச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் படியிறங்கிப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, பரிசோதனைக் கூடத்துப் பெண் போன் செய்தாள்.

"உங்க தொட்டித் தண்ணியை வேற ஒருத்தர் மறுபடியும் கொண்டு வந்தார் சார். ஒரு குறையும் இல்ல. நீங்க எதுல கொண்டு வந்தீங்க?"

"நான் குடிக்கிற பாட்டில்லதான். நல்லாக் கழுவிட்டுத்தான் பிடிச்சேன்."

"வாஷரைக் கழட்டிக் கழுவினீங்களா?"

அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். கத்தி முனையால் நெம்பி எடுத்தபோது கருப்புப் பிசுக்கும் நாற்றமும் முகத்தில் அடித்தன. பிள்ளைகளும், கடையில் தின்ற ஏதோ ஒன்றுதான் வயிற்றைக் கெடுத்தது என்று பின்னால் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது முறை தண்ணீர் கொண்டுபோனது எந்த வீட்டுக்காரர் என்று விசாரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து லிஃப்டில் யார் ஏறினாலும் அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று சாயங்காலம் குடியிருப்போர் கூட்டம். தொட்டிக்குப் புது ஆளை நிரந்தரமாக்கப் போகிறார்கள். தீர்மானத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் இந்த மனிதருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்காது. அதற்கு முன்னால் இவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கையோடு கூட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும். காலையில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாயிற்று. 'தப்பு என்னோடது. திரும்ப வந்துடுங்க.' எண்ணி நாலே வார்த்தை. இதைச் சொல்ல மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். "பாத்திரக்கடை வைக்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க சார்."

அந்த மனிதர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். பிளீச்சிங் பவுடர் அரித்த விரல்களை மேஜை மேல் ஊன்றி, செயலாளரின் முகத்தையே பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணியும் நகர்ந்து போய்விட்டாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

செயலாளர் மேஜை மேலிருந்த ரப்பர் வளையத்தைக் கையில் எடுத்தார்.

"இந்த வாஷர்... தனியா கிடைக்குமா?"

அந்த மனிதர் இன்னும் ஒரு கணம் பார்த்தார். பிறகு, "கிடைக்கும் சார்" என்று துணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, வாஷரைத் தனியாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். செயலாளர் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. இனி வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக உட்கார வேண்டும்.

"சார், ஒரு நிமிஷம்."

அந்த மனிதர் வாசல்வரை வந்திருந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அடுத்த தடவை லேப்புக்குப் போனா இந்தப் பாட்டில்லயும் தண்ணி பிடிச்சுட்டுப் போயிடாதீங்க. கேட்டா அவங்களே சுத்தமான பாட்டில் குடுப்பாங்க சார், நான் போனப்ப எனக்குக் குடுத்தாங்க."