ஆறு மாதப் பதவி

தலைவர் பதவிக்கு வேட்புமனு கொடுக்கப் பேராசிரியர் ஆவுடையப்பன் வந்தபோது, தேசிய நிலநடுக்க ஆய்வுக் கழகத்தின் அலுவலகத்தில் எழுத்தர் பிலோமினா மட்டும்தான் இருந்தாள். பதவிக்காலம் முடியும்வரை உயிரோடு இருக்கப்போகிறவர்தான் தேர்தலில் நிற்கலாம் என்பது கழகத்தின் சட்டம். மூன்று தலைவர்கள் அடுத்தடுத்துப் பாதியிலேயே போய்ச் சேர்ந்த எரிச்சலில், பொதுக்குழுவில் சண்டை போட்டு அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

மேசையில் இருந்த, ஆயுளைக் கணிக்கும் கருவிமேல் கையை வைத்தார். திரையில் சிவப்பு விழுந்தது.

“தலைவருக்கு மூணு வருஷம் சார். மனு தள்ளுபடி ஆயிடுச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செயலாளருக்கு ரெண்டு வருஷம்தானே? அதுக்குப் போடும்மா.”

போட்டாள். சிவப்பு.

“ஒரு வருஷத்துக்கு ஏதாவது இருக்கா?”

“பத்திரிகை ஆசிரியர் குழு இருக்கு சார்.”

அதற்கும் சிவப்புதான்.

“மாநாட்டு வரவேற்புக் குழு ஆறே மாசம். அதையும் பார்த்துடு,” என்றார், ஆய்வைப் பாதியில் விட மனமில்லாதவர்போல.

கை மறுபடி கருவிமேல் இருந்தது. பிலோமினா மேசைக்கடியில் இருந்த சுவிட்சைக் கால் விரலால் அணைத்தாள்.

“சர்வர் போயிடுச்சு சார். நாளைக்கு வாங்க.”