காதில் பலாவிலை

என் அப்பாவை, அப்பச்சனை, அடக்கம் செய்து நான்கு நாளாகிறது. வாசலில், அவருடைய காலி நாற்காலிக்கு எதிரே அமர்ந்து, கூட்டாளி வாவச்சன் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருக்கிறார். காயலில் பட்ட மதிய வெயில் உத்தரத்தில் நெளிகிறது. அங்கே அப்பச்சனின் தூண்டில்கள் தொங்குகின்றன. கூண்டில் அவருடைய பந்தயப் புறாக்கள் முனகுகின்றன. நாற்பது வருடம் படகோட்டியவர், பயணிகளை ஏற்றிக்கொண்டும் பக்கத்துப் படகை முந்தாமல் விட்டதில்லை. வாவச்சனின் காதில் பலாவிலைக் குணுக்கு காய்ந்து சுருண்டிருக்கிறது. சீட்டில் தோற்றவன் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். ஜெயித்தவனைத் திரும்ப ஜெயித்தால்தான் கழற்றலாம்.

"கழட்டிருங்க சேட்டா. பாக்கறவங்க சிரிக்கிறாங்க" என்கிறேன் நான்.

"சிரிக்கட்டும். நாளைக்கு வாடா, பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனேன். கள்ளன், ஜெயிச்ச கையோட போயிட்டான்."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அப்பச்சனுக்குப் பதிலா நான் ஆடட்டுமா?"

வாவச்சனின் கை நிற்கிறது. காற்றில் இலை அவர் கன்னத்தில் உரசுகிறது. சீட்டுக்கட்டை அடுக்கி மெதுவாக நாற்காலியின் மேல் வைக்கிறார்.

"வேண்டாம் மோளே. உன்னை ஜெயிச்சா அவன் ஒத்துக்க மாட்டான்."