பாலவனத்தத்தில் முப்பத்தஞ்சு நிமிஷம்

"யாரு தவசி, அந்தப் பாலவனத்தத்துக்காரி?"

லாரி ஆபீஸில் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி சம்சாரம் முத்துமாரியம்மாள் கேட்டாள். கையில் வட்டமாக ஒரு காகிதம்.

டிரைவர் தவசி லாரிச் சாவியைக் கையில் உருட்டினான்.

எல்லாம் அந்தப் பெட்டி செய்த வேலை. முதலாளி ராஜகுரு மெட்ராஸில் வாங்கி வந்து லாரியில் மாட்டிய பெட்டி. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனையாவது கிலோமீட்டரில் எவ்வளவு நேரம் நின்றது, எல்லாவற்றையும் அந்த வட்டக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டிவிடும். அருப்புக்கோட்டை மில்லில் ஏற்றுகிற நூல் லோடு நேரத்துக்கு விருதுநகர் கூட்ஸ் ஷெட்டுக்குப் போகாவிட்டால் ரயிலும் போச்சு, தூத்துக்குடியில் கப்பலும் போச்சு.

"இனி எந்தப் பயலும் என்னை ஏமாத்த முடியாது" என்று மீசையை முறுக்கினார் ராஜகுரு. பாவம், கண்ணாடி போட்டாலும் அந்தப் பொடிக் கோடு அவருக்குத் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்த பொண்டாட்டிதான் தினமும் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"வெள்ளிக்கெழமையானா விருதுநகர் போற வழியில பாலவனத்தத்துல முப்பத்தஞ்சு நிமிஷம் வண்டி நிக்குது. மூணு வாரமாப் பாக்குறேன்."

"டீ குடிச்சேன்மா."

"முப்பத்தஞ்சு நிமிஷமா? மாட்டைப் பிடிச்சுக் கறந்து குடிச்சியோ?"

லோடுமேன்கள் சிரித்தார்கள். தவசி முதலாளியைப் பார்த்தான். முதலாளி ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். முதலாளியின் தங்கச்சி முருகேஸ்வரி, வீட்டை எதிர்த்து ஜோயல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு பாலவனத்தம் போய் ஆறு வருஷம் ஆகிறது. "எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று சொந்தபந்தத்தைக் கூட்டிவைத்துச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிய மனுஷன், வாராவாரம் வீட்டிலிருந்து ஒரு பை அரிசி பருப்பு கட்டிவந்து தவசியிடம் கொடுத்தனுப்புவார். "என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். உன் பிள்ளைக மேல சத்தியம் பண்ணு" என்று அவனிடம் வாங்கியும் வைத்திருந்தார். பையை இறக்க அஞ்சு நிமிஷம்தான். "அண்ணனுக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டு முருகேஸ்வரி அழுது முடிக்கத்தான் அரை மணி ஆகும்.

அந்தப் பையும் பெட்டி மாட்டிய அதே வண்டியில்தான் போகிறது என்பது மட்டும் முதலாளி புத்தியில் ஏறவே இல்லை!

"ஏங்க, நீங்க சொல்லுங்க. இவனை வச்சுக்கணுமா, அனுப்பணுமா?"

"அட விடு, வயசுப் பய..."

"ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், வயசுப் பயலா? பெட்டி பொய் சொல்லுதா, இல்ல இவன் பொய் சொல்றானா? அதைச் சொல்லுங்க முதல்ல."

தவசி முதலாளி வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். 'நான்தான் அனுப்பினேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான்.

"தவசி... நீ நாளையில இருந்து வர வேண்டாம்ப்பா."

அடப்பாவி மனுஷா!

வாயைத் திறந்தால் சத்தியம் போகும், திறக்காவிட்டால் சோறு போகும். தவசி பிள்ளைகளை நினைத்துக்கொண்டு லாரிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நில்லு." முத்துமாரியம்மாள் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "நீ போய் வண்டியை எடு. ரயிலு போயிரும்."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தன் பொழப்பே போனாலும் தங்கச்சிங்கிற வார்த்தை உங்க வாயில வராதா? இப்பவாச்சும் ஒத்துக்கிருவீகன்னுதான் இவ்வளவும் கேட்டேன். ஆறு வருஷமா, நீங்க கட்டி வைக்கிற பைக்குள்ள அவளுக்குப் பிடிச்ச நார்த்தங்கா ஊறுகாயும் தானா நடந்து வந்தா ஏறிக்கிருச்சு?"