மூன்றாவது பிளக்

அவளுடைய விரல்கள் வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கீழே இறங்கின.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சுதான் நின்றிருந்தது.

இன்னும் ஒரு சாண். அதற்கப்பால் மூன்றாவது பிளக்.

அவன் பொக்லைன் ஆபரேட்டர். கிளீனராக ஒன்பது வருஷம், அந்த சீட்டில் ஏழு மாதம். புறவழிச்சாலைக்கு மண் வெட்ட வந்த வண்டி பத்து நாளாக விக்கியது. கறுப்பாகப் புகை விட்டது. சூடேறினால் நின்றே போனது.

திரையில் மூன்றாவது இன்ஜெக்டர் கோளாறு என்று வந்தது. டீசலைப் பீய்ச்சுகிற சாமான். ஒன்று போனால் மற்றதும் போகும், நாலையும் மாற்று என்று ஊர் மெக்கானிக் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். ஓனருக்கு மனசு வரவில்லை. காரைக்குடியிலிருந்து வண்டி எலக்ட்ரீஷியன் செலினை வரவழைத்தார்.

செலின் டிபன் பையில் மீட்டர் கொண்டுவந்திருந்தாள். டிபனும் அதில்தான் இருந்தது.

இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து வயர்களைக் கழற்றி, அந்த முனையிலிருந்தே நாலு இன்ஜெக்டரையும் அளந்தாள். நாலும் ஒரே எண். நாலும் நிரபராதி.

கோளாறு வழியில் எங்கோ இருக்கிறது என்றாள். வயர்களைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். கனத்த கையுறையைப் போட்டுக்கொண்டு வயரை ஆட்டத் தொடங்கினாள். இன்ஜின் எங்கே விக்குகிறதோ அங்கேதான் குற்றவாளி என்றாள்.

குற்றவாளி இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஓனர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். மாலை போடு, பூசணி உடை, என்ன வேண்டுமானாலும் செய். இன்ஜினில் மட்டும் தண்ணீர் அடிக்காதே.

அவன் அடித்தான்.

சும்மா இல்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் பம்பை இரவல் வாங்கிவந்து அடித்தான். அழுக்கோடு எப்படிச் சாமி முன்னால் நிறுத்துவது. வண்டி கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி பளபளத்தது. இடம் விடாமல் பொட்டு வைத்தான். சாவியைத் திருப்பினான்.

விக்கியது.

இன்ஜெக்டரில் வயரைச் சேர்க்கிற மூன்றாவது பிளக்கின் மேல்தான் தண்ணீர் தேங்கியிருந்தது. அணைத்துவிட்டுத் திருப்புளியால் நெம்பிக் கழற்றினான். ஊதினான். கட்டைவிரலை விட்டுத் துடைத்தான். மாட்டினான். ஓடியது. நிம்மதியாகப் பூசணிக்காய் உடைத்தான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் இதே காரியத்துக்காகத்தான் சேவுகனை ஓனர் வேலையிலிருந்து நிறுத்தினார். அவனுக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர். இப்போது அதே சாலையோரம் இளநீர் வெட்டுகிறார். அரிவாளைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

செலின் பிளக்கைத் தொட்டாள்.

விக்கியது.

விட்டாள். சீரானது. தொட்டாள். விக்கியது.

அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஏறி அணைத்துவிட்டு இறங்கினான். பிளக்கைக் கழற்றினாள்.

உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. சுற்று ரப்பர் கிழிந்திருந்தது.

பச்சைக்குப் பக்கத்தில், சிவப்பாக, ஒரு கட்டைவிரல்.

குங்குமம். ரேகைகூடத் தெரிந்தது.

அவள் பிளக்கைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலை அவன் மற்ற நாலு விரல்களுக்குள் ஒளித்துவைத்திருந்தான்.

குடை நிழலிலிருந்து ஓனர் எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டடி கூடவே வந்து, பிறகு விட்டது.

செலின் பையிலிருந்து பஞ்சை எடுத்தாள். பிளக்கின் உட்புறத்தை ஒரு சுற்றுத் துடைத்தாள். சிவந்த பஞ்சை மடித்து டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் செருகினாள்.

ஓனர் குனிந்து பார்த்தபோது பச்சை மட்டும் இருந்தது.

“ரப்பரை எலி கடிச்சிருக்கு சார். ஈரம் இறங்கிருச்சு. இன்ஜெக்டர் நல்லாத்தான் இருக்கு.”

ஓனர் எலியைத் திட்டினார். எலியின் தாயாதிகளைத் திட்டினார். நாளைக்கே ஒரு பொறி வாங்கி வை என்று அவனுக்கு உத்தரவு போட்டார். நாலு இன்ஜெக்டரும் தப்பித்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் இளநீர் சொன்னார்.

சேவுகன்தான் கொண்டுவந்தார்.

எலி என்று ஓனர் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். கிழிந்த ரப்பரை ஒரு பார்வை பார்த்தார். அவனை ஒரு பார்வை பார்த்தார். இருந்ததிலேயே பெரிய காயாக எடுத்து அவனுக்குச் சீவினார்.

புது பிளக் மாட்டி முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. வண்டி ஒரு விக்கல் இல்லாமல் மண்ணை அள்ளியது.

நன்றி சொல்ல நினைத்து அவன் செலினின் ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே போனான். அவள் பையை வாங்கி ஸ்கூட்டரில் மாட்டினான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

“அடுத்த பூஜைக்கு ஈரத்துணி போதும்ணே.”

போய்விட்டாள்.

அவன் திரும்பி வந்து சீட்டில் ஏறினான். கண்ணாடிக்குக் கீழே சின்னதாக ஒரு பிள்ளையார். காலையில் வைத்த செவ்வந்தி அவர் மடியில் இன்னும் வாடாமல் இருந்தது. காலடியில் மூஞ்சூறு. ஏழு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கும்.

பொறி எங்கே கிடைக்கும் என்று அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை.

பூவை எடுத்தான். கொஞ்சம் கீழே, மூஞ்சூறின் முன்னால் இறக்கி வைத்தான்.