நசுங்காத தக்காளி

உடைந்த ரம்பத்தையும் முறிந்த நாற்காலிக் காலையும் வைத்துக் கணவர் செய்துகொடுத்த முரட்டுக் கத்தியை அவள் தொட்டதேயில்லை. கடைக் கத்தியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அதில்தான் நறுக்கினாள்.

சாப்பிடும்போது அவர் கேட்டார். "கத்தி எப்படி இருக்கு?"

"வெச்சதும் இறங்குதுங்க. தக்காளிகூட நசுங்கல."

ரம்பத்தை அறுத்தபோது காயம்பட்ட அவருடைய கட்டைவிரலில் இன்னும் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்த குறுகுறுப்பில் இன்னும் கொஞ்சம் அளந்துவிட்டாள். "அக்காகூடத் தனக்கொண்ணு வேணும்னு கேட்டாங்க."

அவர் எழுந்துபோய்க் கத்தியை எடுத்துவந்தார். அதன் விளிம்பை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தார். ஒரு கீறல்கூட விழவில்லை.

"பிடி உன் கைக்குச் சரியா இருக்கான்னு பாக்கத்தான் குடுத்தேன். இதுக்கு இன்னும் சாணையே பிடிக்கல."