இன்னொரு அடுக்கு

பொன்னாடை நாகலக்ஷ்மியின் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

பம்பாய் விக்ரோலியில் மருந்துக் கம்பெனி ஹால். அவள் கணவர் அனந்தகிருஷ்ணன் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடம். இருந்தவரை ஒரு ஜன்னலோர மேஜை கிடைத்ததில்லை. இறந்து எட்டே மாதத்தில் ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அவள் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தாள். அவர் கணக்கு சரி என்று யாராவது மைக்கில் சொல்ல வேண்டும்.

கணக்கு இதுதான். ஒரே மருந்தின் மூலக்கூறுகள் படிகத்துக்குள் பல விதமாக அடுக்கிக்கொள்ளும். எந்த அடுக்கு நிலைத்து நிற்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவர் வேலை. காலை எட்டு ஐம்பத்திரண்டு லோக்கல் ரயில் மாதிரி என்று அவளுக்கு விளக்கியிருக்கிறார். அதே ஜனம்தான், ரொம்ப நெருக்கி நின்றுவிட்டால் தாதர் ஸ்டேஷனில் ஒருவராலும் இறங்க முடியாது.

கம்பெனியின் இதய மாத்திரைக்கு அப்படி ஒரு நெருக்கமான அடுக்கு உண்டு, என்றாவது அதற்கு மாறும், மாறினால் வயிற்றில் கரையாது என்று ஆறு வருஷம் முன்பே எழுதிக் கொடுத்தார்.

ஆய்வகத்தில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் ஜோசியர் என்று பெயர் வந்தது. பார்ட்டிகளில் உள்ளங்கையை நீட்டி, பிரமோஷன் எப்போது என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, கணக்கு தப்பு என்று கடைசியில் அவரே நம்பிவிட்டார். அவ்வளவு நல்ல ஊழியர்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், காப்பி ஆறுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். டாக்டர் விதி என்றார்.

ஜோசியர் என்று முதலில் கூப்பிட்ட டைரக்டர் மாதவ், இப்போது மைக்கில் தீர்க்கதரிசி என்றார். நம் எல்லோரையும்விட அவர்தான் சரி என்று இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். வந்த காரியம் முடிந்தது.

அத்தாட்சியும் உண்டாம். ஆபீஸ் டிஸ்பென்சரிக்கு யாரோ ஒரு யோக்கியர் திருப்பிக் கொடுத்த மாத்திரை அட்டை. அதில் மிச்சமிருந்த நாலு மாத்திரையில்தான் அந்த அடுக்கு அகப்பட்டது.

திரையில் அட்டை ஆளுயரத்துக்கு விரிந்தது. அட்டையின் பின்பக்கம், ஒவ்வொரு மாத்திரைக்கு நேராகவும் பால்பாயிண்ட் எழுத்து.

மாதவ் மாட்டுங்காவிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. மைக்கை மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"மாமி, அது தமிழ்தானே? ஏதாவது சீக்ரெட் கோடா? லேப்ல எல்லாரும் மண்டையை உடைச்சிண்டிருக்கா."

நாகலக்ஷ்மி தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"கிழமை. அவர் மறக்காம போட்டுக்கணுமேன்னு எழுதினது. வெள்ளிக்கிழமையிலேர்ந்துதான் மிச்சம்."