ஏரிக்கரையில் ஒரு முதுகு

ஸ்டேட் பார்க் ஏரியைக் கண்டாலே மெரிடித்துக்குப் பயம். சிவப்பு டவுசரோடு தண்ணீரைப் பார்த்து நின்ற மகனின் முதுகில், அடுப்பில் வேகும் பர்கர் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு சன்ஸ்கிரீனை அப்பினாள்.

“ஆடாம நில்லு நோலன். போன வருஷம் மாதிரி வெந்த இறாலா வீட்டுக்கு வரப்போறியா? அதென்ன, தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடியே இப்படிச் சில்லுன்னு இருக்க?”

முதுகு கையிலிருந்து நழுவிப் போனது.

பின்னால் கார்க் கதவைச் சாத்தும் சத்தம். சிவப்பு டவுசரை இழுத்துவிட்டபடி நோலன் ஓடிவந்தான்.

“அம்மா, அவனுக்கு மட்டும் தடவிவிட்ட, எனக்கு இல்லையா?”

ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்த முதுகில் அவளுடைய ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. மெரிடித் மகனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“விடும்மா, அவன் கூப்பிடறான்.”

அவள் பிடிக்குள் அந்த மணிக்கட்டு மெல்லச் சில்லிட்டுக்கொண்டு வந்தது.